ஒஷாவா தாண்டி, கரிமருந்துப் புகைக்குள்

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, என் கணவர் சிவத்தோடு, இங்கே கனடாவில் ஒஷாவா நகருக்கு வடக்கே உள்ள ஒரு துப்பாக்கிச் சூட்டுத்திடலுக்குப் போனேன். அவர் நான்கு வருடங்களாகப் போகிறார். நான் ஒருநாளும் கூடப் போனதில்லை. ஊரில், போர்க்கால ஷெல்லடிக்குள் வளர்ந்தவள் நான். கனடா தினத்து வாணவேடிக்கைக்கே யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பவள். இந்த முறை ஒரு முடிவோடுதான் கிளம்பினேன். நேரில் பார்த்துவிட்டு, "போதுமப்பா, துவக்கை வித்துப்போடுங்கோ" என்று சொல்ல வேண்டும்.

மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டிலிருந்து எழுபது கிலோமீற்றர். காலை எட்டரைக்குப் புறப்பட்டு, வழியில் கோப்பிக்கு நின்றும் பத்து மணிக்கு முன்பே போய்விட்டோம். விருந்தினர் கட்டணம் இருபது டொலர்.

சிவத்தின் றைபிள் பழங்கால மாதிரியில் புதிதாகச் செய்தது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். தோட்டாக்களை அவரே பேஸ்மென்ட்டில் இருந்து செய்வார். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைக் கழுவிக் காயவைத்து, கரிமருந்து என்கிற அந்தக்காலக் கறுப்பு வெடிமருந்தை நிரப்பி, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்துவார். அந்த நேரத்தில் ரேடியோகூடப் போடமாட்டார். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

முதல் வெடி. காதில் பஞ்சும் அதற்கு மேல் கவசமும் இருந்தும் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. வெள்ளைப் புகை எழுந்து அவரை மறைத்தது. பார்த்தால், நான் உட்கார்ந்திருந்த வாங்குக்குப் பின்னால் தரையில் குந்தியிருக்கிறேன். எப்போது குந்தினேன் என்றே தெரியவில்லை.

சிவம் றைபிளைத் திறந்து வைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் தரையிலேயே அமர்ந்தார்.

"வாரும், வீட்ட போவம். நான் உம்மைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாது."

"உங்களுக்குப் பயமில்லையே? நீங்களும் அங்கதானே இருந்தனீங்கள்."



"பயம்தான். அதுக்குத்தான் வாறன். அங்க ஷெல் எப்ப விழும், எங்க விழும் எண்டு தெரியாது. இது என்ர கையால செய்தது. நான் வேண்டாமெண்டா வெடிக்காது."

இத்தனை வருடத் தாம்பத்தியத்தில், தனக்குப் பயம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. விற்கச் சொல்ல வந்த வாய் வேறொன்றைச் சொன்னது.

"அப்ப, நான் சொல்லேக்க சுடுங்கோ."

இருவரும் எழுந்தோம். அவர் புதுத் தோட்டா போட்டு, மேசையில் அமர்ந்து குறிபார்த்தார். நிறைய நேரம் காக்க வைத்தேன். அவர் அசையவில்லை. கவசத்துக்குள்ளும் கேட்கட்டும் என்று "ஓம்!" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். வெடித்தது. உடம்பு தூக்கிப்போட்டது, ஆனாலும் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே இன்னும் சில.

போக நினைப்பவர்களுக்கு: சுடுவதற்கு உரிமம் வேண்டும், சும்மா பார்க்கப் போகலாமா என்று திடலில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காதுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு கட்டாயம். பழைய உடுப்பு போடுங்கள், கந்தக வாடை லேசில் போகாது. சத்தத்துக்குப் பயந்தவரைக் கூட்டிப்போனால், ஒவ்வொரு வெடிக்கும் முன்பு அவரிடம் கேளுங்கள்.

கடைசித் தோட்டாவுக்கும் சிவம் கேட்டார்.

"சுடட்டே?"

"வேண்டாம்" என்றேன்.

அவர் றைபிளைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தார்.