புதன்கிழமைக் குரல்

என் சித்தப்பாவுக்கு முப்பது வயது. அடர்த்தியான மீசை. குரல் மட்டும் பன்னிரண்டு வயதிலேயே நின்றுவிட்டது. தெருமுனை ரெலிபோன் பெட்டிக்குள் நின்று அவர் 'அலோ' என்றால், மறுமுனையில் இருப்பவர்கள் பெண் என்றெண்ணி, தவறாமல் 'பொன்ஜூர் மதாம்' என்பார்கள். அவர் திருத்துவதில்லை. மதாமாகவே பேசி முடித்துவிட்டு வெளியே வந்து, மீசையை ஒருமுறை தடவிக்கொள்வார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஐந்தாம் மாடியில் ஒன்றரை அறை எங்களுக்கு இருந்தது. அந்த அரை அறை பகலில் சமையலறை, படுக்கும் நேரத்தில் சித்தப்பாவின் அறை. சித்தியும் மூன்று வயது மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அப்பா லா கூர்னெவ்வில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி தூக்கினார். அம்மா காலையிலும் மாலையிலும் கம்பனிக் கந்தோர்களைக் கூட்டித் துடைத்தார். எனக்குப் பத்து வயது. வகுப்பில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். ஒன்றரை வருடத்தில் பிரெஞ்சு எனக்கு வேகமாக வந்துவிட்டது. அதைப் பேசுவதற்கு ஆள்தான் வரவில்லை. நாலரைக்குப் பள்ளி விட்டு வந்தால் வீட்டில் சித்தப்பா மட்டும் இருப்பார். ஆறு மணிக்கு அவரும் உணவகத்துக்குக் கோப்பை கழுவப் போய்விடுவார். அதற்குப் பிறகு ஜன்னலும் நானும்.

சித்தப்பா அதிகம் பேசாதவர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஊரில் அவருடைய பட்டப்பெயர் குயில். அந்தப் பெயர் பாரிஸ் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதை யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்கள். அன்பாகச் சொன்னால் திருப்பி ஒன்றும் சொல்ல முடியாது.

அகதி விண்ணப்பத்தின் முதல் விசாரணையில் மொழிபெயர்க்க வந்தவர் அவருடைய குரலைக் கேட்டுச் சிரித்துவிட்டாராம். பெரிய சிரிப்பில்லை, உதட்டோரத்தில் ஒன்று. அதற்குப் பிறகு சித்தப்பா கேட்டதற்கெல்லாம் ஓம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஊரில் தனக்கு நடந்தவற்றைச் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை எவர் நம்புவார்? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் முன்னால் வாய் திறந்து பேச வேண்டும். அதற்கு ஐந்து மாதம் இருந்தது.

உணவகத்தில் கூட வேலை செய்தவர் ஒரு வழி சொன்னார். அடித்தொண்டையை இறுக்கி, புலி மாதிரி உறுமிப் பழகினால் குரல் தானாக இறங்கிவிடுமாம். வீட்டில் உறுமினால் பக்கத்து வீட்டுக் கிழவர் சுவரில் தட்டினார். ஆகவே லா சப்பலில் மெத்ரோ மேலே ஓடும் இரும்புப் பாலத்துக்குக் கீழே போய் நிற்பார். ரயில் வந்து பாலம் அதிரும்போது, முகவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு உறுமுவார். ரயில் போனதும் ஒன்றும் தெரியாதவர்போல வானத்தைப் பார்ப்பார். துணைக்கு நான் நிற்பேன். ரயில் வருகிறதா என்று சொல்வது என் வேலை.

பத்தாம் நாள் குரலே போய்விட்டது. தண்ணீர் விழுங்கக்கூட அவருக்கு நொந்தது. அப்பா திட்டினார்.

"உனக்கென்ன விசரே? உள்ளதையும் கெடுத்துப்போட்டு நிக்கிறாய்!"

சித்தப்பா காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'டொக்டரிட்டைப் போவம்.'

அப்பாவுக்கு வேலை இருந்தது. அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. புதன்கிழமைகளில் பள்ளி இல்லாததால் நான் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவமனை டொக்டர் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். குரல் நாண்களில் கோளாறு இல்லை, கத்தியதால் வீங்கியிருக்கின்றன, பேசாமல் இருக்க வேண்டும் என்றார். பிறகு ஒரு துண்டு எழுதித் தந்து, பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார்.

அவரை நாங்கள் மதாம் என்றே அழைத்தோம். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மூன்றாம் மாடியில் சிறிய அறை, மேசையில் ஒரு கூசாத் தண்ணீர். வீக்கம் வற்றிய பிறகுதான் வேலையைத் தொடங்கினார். முதல்நாள் சித்தப்பாவைப் பேசச் சொல்லவில்லை. இருமச் சொன்னார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார்.

"மெதுவா இருமட்டாம்," என்றேன்.

இருமினார். இன்னொருமுறை, இன்னும் மெதுவாக. மூன்றாவது இருமலின் முடிவில் 'ஆ' என்று இழுக்கச் சொன்னார் மதாம். அப்போது அந்த அறையில் ஓர் ஆணின் குரல் கேட்டது. கனமான, அகலமான குரல். சித்தப்பா சடாரென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை.

மதாம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி எதுவும் இருக்கவில்லை. "அது அவருடையதுதான் என்று சொல்," என்றார் என்னிடம். "எப்போதும் அங்கேதான் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஆனால் இழுத்து வரக்கூடாது, அழைத்தால் போதும்."

நான் சித்தப்பாவிடம் சொன்னேன்: "அது உங்கட குரல்தானாம். பிடிச்சு இழுக்கக்கூடாதாம். கூப்பிட்டா வருமாம்."

"ஆரைக் கூப்பிடுறது?" என்று கேட்டார், பழைய குரலில்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் போனோம். தோளைத் தளரவிடு. மூச்சை நெஞ்சுக்கு மேலே தூக்காதே, வயிற்றுக்கு விடு. கொட்டாவி விட்டு, பெருமூச்சோடு மேலிருந்து கீழே சறுக்கு. உள்ளங்கையை நெஞ்சில் வைத்து வாயை மூடி 'ம்ம்ம்' என்று சொல், கைக்குக் கீழே அதிர்கிறதா பார். எட்டக்கூடிய ஆகக் கீழான சத்தம் உன் குரல் இல்லை, அதற்குக் கொஞ்சம் மேலே சுகமாக இருக்கும் இடமே உன் வீடு. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அடிக்கடி தண்ணீர் குடி. நொந்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. எல்லாவற்றையும் என் பள்ளிக் கொப்பியில் தமிழில் எழுதினேன். 'லாறின்ஸ்' என்பதற்குத் தமிழ் தெரியாமல் 'தொண்டைப் பெட்டி' என்று போட்டேன்.

'ம' வில் தொடங்கும் தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்றார் மதாம். நான் சொல்லச் சொல்ல அவரும் கூடச் சொன்னார். மழை. மணல். மாங்காய். 'மாங்காய்' அவருடைய வாயில் படாத பாடு பட்டது. என் பிரெஞ்சு நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் புதன் சொன்னார். என்ன புத்தகம் படிக்கிறாய் என்று மூன்றாம் புதன் கேட்டார். அந்த ஊரில் ஒரு கேள்வியை எனக்காகவே கேட்டவர் அவர்தான். வியாழன் முதல் செவ்வாய் வரை, அடுத்த புதன் அவரிடம் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் நாலரை மணிக்கு நானும் சித்தப்பாவும் எதிரெதிரே இருந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, 'ம்ம்ம்' என்போம். என் நெஞ்சு ஒரு வண்டு மாதிரி அதிரும். அவருடையது, மெத்ரோ பாலத்தைப்போல. முதலில் இருமலோடு மட்டும் வந்த குரல் பிறகு ஒரு சொல்லுக்கு வந்தது. பிறகு ஒரு வசனத்துக்கு. அவசரப்பட்டால் நடுவில் உடைந்து பழைய குரல் எட்டிப் பார்க்கும். உடனே நான் கொப்பியைப் பார்த்து, "தண்ணி குடியுங்கோ," என்பேன். அவரும் மறுபேச்சின்றிக் குடிப்பார்.

மூன்றாம் மாதம் கடைக்காரர் ஒருவர் அவரை, ஓர் ஆணை அழைப்பதுபோல, 'மிசியூ' என்றார். அதைக் கேட்டுவிட்டு சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ரூ பிலிப்-து-ஜிரார் முழுவதும் நடந்து வந்தார்.

மேல்முறையீட்டுக்கு அப்பா கூடப் போனார். திரும்பி வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்.

"இண்டைக்கு அவன் கதைச்சான். முழுக்கச் சொன்னான். எனக்கே தெரியாததெல்லாம் சொன்னான்."

அப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன். சித்தப்பா சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சில வாரங்களில் கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அம்மா பாயாசம் காய்ச்சினார். அந்தப் புதன் மதாம் எங்கள் இருவருக்கும் கை கொடுத்து, இனி வரத் தேவையில்லை என்றார். அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

சித்தப்பா அந்தச் சந்தோஷத்தோடு ஊருக்கு ஒரு கசெற் பேசினார். அப்போது எல்லோரும் அப்படித்தான். ரேப் ரெக்கோடரில் பேசி, போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவோம். வதிவிட அட்டையான கார்த் வரப்போகிறது, உங்களைக் கூப்பிடப் போகிறேன் என்று புதுக்குரலில், ஒருமுறைகூட உடையாமல் பேசினார். மகளுக்கு ஒரு கதையும் சொன்னார். பொத்தானை அமத்தியது நான்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் கசெற் வந்தது. சித்தி அழுதார், சிரித்தார், கார்த்தைப் பற்றிக் கேட்டார். குரல் வடிவாய் இருக்கு என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இஞ்சை உங்கட மகள் ஒண்டும் கேக்கிறாளில்லை. நீங்கள் கதைக்கத் தொடங்கினவுடன ஓடிப்போய் கதவுக்குப் பின்னாலை நிக்கிறாள். நீங்கள் முந்தி அனுப்பின பழைய கசெற்றைத்தான் போடச் சொல்லுறாள். அது தேஞ்சு இழுபடுது."

அதற்குப் பின்னால், தூரத்தில், ஒரு சின்னக் குரல்: "இது அப்பா இல்லை. அப்பாவைக் கதைக்கச் சொல்லுங்கோ."

சித்தப்பா நாடாவைப் பின்னுக்குச் சுற்றி அந்த இடத்தை மட்டும் மறுபடி கேட்டார். பிறகு நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார்.

அடுத்தநாள் பள்ளி விட்டு வந்தபோது சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக் கேட்டது. காதை வைத்துக் கேட்டேன். அதே பழைய குரல். மெலிந்து, உச்சிக்கு ஏறி, குயில் என்று எல்லோரும் சொன்ன குரல்.

"பிள்ளை, அப்பாதான் கதைக்கிறன். அப்பாதான். இஞ்சை எங்கட ஜன்னலுக்கு ஒரு புறா வாறது..."

எத்தனை புதன்கிழமைகள்! ஒரு கொப்பி முழுக்க எழுதியிருக்கிறேன். கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது, அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். குரல் கெட்டுவிட்டதென்றால் மதாமிடம் மறுபடி போக வேண்டியிருக்கும்.

கதவு திறந்தது. "வந்திட்டியே பிள்ளை? தேத்தண்ணி குடிப்பமே?" என்றார் சித்தப்பா, கனமான குரலில். கண்கள் சிவந்திருந்தன. வெங்காயம் உரித்தாராக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

நானும் நான்கு வருடங்கள் அப்பாவைக் கசெற்றில் கேட்டு வளர்ந்தவள்தான். விமானநிலையத்தில் அவரை முகத்தால் அல்ல, குரலால்தான் அடையாளம் கண்டேன். ஆனால் அன்று அது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

புதன்கிழமை, நூலகத்துக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, தனியாக அந்த மூன்றாம் மாடிக்கு ஏறினேன். முன்னால் இருந்தவர்கள் போகும்வரை காத்திருந்தேன். மதாம் என்னைப் பார்த்ததும் கதவுக்கு வெளியே எட்டி, சித்தப்பாவைத் தேடினார்.

"அவர் வரவில்லை," என்றேன். "அவருடைய குரல் மறுபடியும் கெட்டுவிட்டது. பழைய குரலில் பேசுகிறார்."

மதாம் கண்ணாடியைக் கழற்றினார். "எப்போதுமா?"

"இல்லை. மகளுக்குக் கசெற் பேசும்போது மட்டும்."

"உன்னோடு?"

"நல்ல குரலில்."

"வேலையிடத்தில்?"

"நல்ல குரலில்தான். ஆனால் மகளுக்கு... அவளுக்குப் புதுக்குரல் யாருடையது என்று தெரியவில்லையாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு கூசாவிலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி என்னிடம் தந்தார்.

"அப்படியென்றால் இரண்டு குரலையும் வேண்டியபோது அழைக்க அவருக்குத் தெரிந்துவிட்டது. உன் சித்தப்பாவுக்கு முழுக்கச் சுகமாகிவிட்டது," என்றார்.

"அப்போ அடுத்த புதன்?"

"வரத் தேவையில்லை, சின்னவளே."

வாசல்வரை வந்து என் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் படிகளில் இறங்கினேன். என் பிரெஞ்சில்தான் பிழை என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. 'கெட்டுவிட்டது' என்பதற்குச் சரியான சொல் வேறு ஏதோ இருக்க வேண்டும், அது எனக்குத் தெரியாததால்தான் அவருக்கு விளங்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, லா சப்பல் வரை அந்தச் சொல்லைத் தேடியபடியே தனியாக நடந்து போனேன்.