வில்லனுக்குப் பிடித்துப்போன லெவல்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனி சங்கக் கூட்டத்தில் வீடியோ கேம் ஆடினோம். சிரிக்காதீர்கள். தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருப்போர் நலச் சங்கம் என்றால் தண்ணீர் லாரி, தெருநாய், பார்க்கிங் சண்டை... இதைத் தாண்டி ஒன்றும் நடக்காது என்று நினைத்தீர்களா?

கேமை உருவாக்கியவள் கவிதா. ஒரு கம்பெனியில் லெவல் டிசைனர். அதாவது, ஆடுகிறவர் எந்தச் சந்தில் நுழைவார், எந்தச் சுவரில் முட்டிக்கொள்வார் என்பதையெல்லாம் முன்கூட்டியே கட்டிவைக்கிற வேலை. எங்கள் காலனிக்குப் பின்னால், பழைய ஊர்த்தெருவில் அப்பா ஏழுமலையோடு இருக்கிறாள். அவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் தாம்பரத்துக்கு டயாலிசிஸ் போகவேண்டும்.

எங்கள் தெரு வழியாக வந்தால் மெயின் ரோடு கூப்பிடு தூரம். ஆனால், போன வருடம் ஊர்ப்பக்கத் தெருக்கோடியில் சங்கம் ஒரு இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டது. இப்போது ஆட்டோ ஊரைச் சுற்றி, பெருங்களத்தூர் ஜங்ஷன் நெரிசலில் சிக்கி... துவண்டுபோன மனிதர் வீடு திரும்புவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. இத்தனைக்கும் எங்கள் காலனி நிற்பதே அவர் குடும்பம் ஒரு காலத்தில் நெல் விளைவித்த நிலத்தில்தான்!

கேட்டைத் திறக்கச் சொல்லிக் கவிதா மனு கொடுத்தாள். கெஞ்சினாள். "சேஃப்டி மேட்டர்மா" என்று ஒரே பதில். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"சொன்னா புரியல அங்கிள். ஆடிப் பார்த்தா புரியும்."

நானும் நம்பினேன். சங்க ஹாலில் டிவிக்கு ஏற்பாடு செய்தேன்.

கேம் இதுதான். நோயாளி அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு மெயின் ரோட்டை அடைய வேண்டும். எல்லா லெவலிலும் அதே தெரு. முதல் லெவலில் ஒருவர் வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். உங்களைப் பார்த்ததும் ஓடிவந்து நாற்காலியைத் தள்ள ஒரு கை கொடுக்கிறார். அவர்தான் வில்லன்!

அடுத்த லெவலில் அவர் வண்டி திருடு போயிருக்கிறது. கன்றைச் சுற்றி வேலி. அப்புறம் வேலி வாசலுக்கு வருகிறது, வாசலிலிருந்து தெருவுக்கு வருகிறது. கேமரா வருகிறது. தெருவிளக்கு அவர் பக்கம் மட்டும் எரிகிறது. கடைசி லெவலில் ஆளையே காணோம். மதிலும் கேட்டும்தான்.

வசனம் கிடையாது. கொடூரச் சிரிப்பு கிடையாது. ஒரு நல்ல மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக எப்படி இறுகிப்போனான் என்பதைத் தெருவே சொல்லிவிடுகிறது.

சங்கத் தலைவர் ராகவன் சார் கன்ட்ரோலரைக் கையில் வாங்கினார். ரிட்டயர்ட் பேங்க் ஆபீசர். கெட்டவர் என்று வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது – வெள்ளத்தின்போது இடுப்பளவு தண்ணீரில் ஏழுமலை வீட்டுக்குப் பால் பாக்கெட் கொண்டுபோனவர். பிறகு அவர் ஸ்கூட்டர் திருடு போனது. கேட் வந்தது. கவிதா எதையும் புதிதாகக் கற்பனை செய்யவில்லை.

தலைவர் மும்முரமாக ஆடினார். கடைசி லெவலில் மாட்டிக்கொண்டார். நாற்காலியை இப்படித் தள்ளினார், அப்படித் தள்ளினார். ம்ஹூம். இதோ உறைக்கப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"என்னம்மா, எந்தப் பக்கமும் போக முடியலையே?"

"முடியாது சார்" என்றாள் கவிதா.

"சின்ன கேப்கூட இல்லியா?"

"இல்ல சார். டிசைனே அப்படித்தான்."

ராகவன் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். செக்ரட்டரி பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார்? நம்ம கேட்ல சைடுல கேப் இருக்கு. கண்டவனும் பூந்து வந்துடறான். இந்தப் பொண்ணு எப்படி யோசிச்சிருக்கா பாருங்க!"

கைதட்டினார்கள். சத்தியமாக!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், நாற்காலியில உட்கார்ந்திருக்கிறது யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன்.

"அட, கேம்தானே சார்... விடுங்க" என்றார். சமோசா வந்தது. கூட்டம் கலைந்தது.

நல்ல கதை மனிதனைத் திருத்தும் என்று எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறேன்! அந்த நாற்காலியைத் தள்ளியது அவர் கை. மனசு என்னவோ கேட்டுக்கு உள்பக்கம்தான் நின்றுகொண்டிருந்தது. தன்னை வில்லன் என்று நினைத்துக்கொண்டு எவன் சார் வீட்டைச் சுற்றி மதில் எழுப்புகிறான்? அவன் கதையில் அவன்தானே ஹீரோ!

இந்த வாரம் வேலை தொடங்கிவிட்டது. நடந்து வருகிறவர்கள் நுழைந்த அந்தச் சின்ன இடைவெளியையும் அடைத்து, கேட்டுக்கு மேல் தகடு ஏற்றுகிறார்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்தது. 'டிசைன் ஐடியா தந்த கவிதாவுக்கு நன்றி' என்று தலைவரின் மெசேஜ். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

மனசு கேட்காமல், நேற்று காலை ஊரைச் சுற்றிக்கொண்டு கவிதா வீட்டுக்குப் போனேன். வெல்டிங் சத்தம் கேட்டு ஏழுமலை சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"இன்னாம்மா சத்தம்? கேட்ட எடுக்கறாங்களா?"

"இல்லப்பா... இன்னும் நல்லா கட்டிகினு கீறாங்க."

"நீ அந்த ஆட்டத்தக் காட்டினியே... அதப் பாத்துமா?"

"அதப் பாத்துதாம்பா."