கம்போங் செட்டியில் நான் படித்த சமூகவியல்

மைசூரில் பி.ஏ. சமூகவியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. கப்பலேறி மலாக்கா வந்து சேர்ந்தேன். அப்பா பிழைக்கவில்லை. காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பலாம் என்றிருந்தபோது ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல்கள் நின்றுபோயின. மலாக்காவின் காஜா பெராங் பகுதியில், எங்கள் வாடகை வீட்டில் அம்மாவோடு தங்கிப்போனேன்.

பாதியில் விட்ட படிப்பு மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. தேர்வுக்கு முன் ஒவ்வொரு மாணவனும் ஒரு சிறு சமூகத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுதித் தர வேண்டும். எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் கம்போங் செட்டி, அதாவது செட்டிகளின் குடியிருப்பு. எப்போதோ வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள் இந்த ஊர்ப் பெண்களை மணந்து பெருகிய குடும்பங்கள் அங்கே இருந்தன. சாமி நம் சாமி, பேச்சு மலாய், உடை கைலி மாதிரியான சாரோங். இதைவிட நல்ல விஷயம் எங்கே கிடைக்கும்? மைசூர் திரும்பும்போது அறிக்கை கையில் இருக்க வேண்டும் என்று பென்சிலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

வீட்டில் எத்தனை பேர், மகன்களுக்கு என்ன வேலை, வெளியூரிலிருந்து யார் வந்து தங்குகிறார்கள் என்று பாடப்புத்தகத்தில் இருந்தபடியே கேட்டேன். முதலில் சிரித்துக்கொண்டு பதில் சொன்னவர்கள், கொஞ்ச நாளில் என் தலையைக் கண்டதும் ஜன்னலைச் சாத்தினார்கள்.

வேலியை ஒட்டிய வீட்டில் பலகாரம் செய்து விற்கிற ஒரு விதவை இருந்தார். பிள்ளைகள் இல்லை. மக்சிக் என்று மலாய் வழக்கப்படி அவரை அழைப்பேன். நம் ஊர்ச் சின்னம்மா மாதிரி அது. ஒரு நாள் நான் கிணற்றடியில் நிற்கும்போது வேலியோரம் வந்து மலாயில் மெதுவாகச் சொன்னார்.

"நீ நல்ல பிள்ளைன்னு எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்? இப்படித்தான் ஒருத்தன் வந்து, பையன் எங்கே, என்ன செய்றான்னு கேட்டுட்டுப் போனான். மறுநாள் ராணுவ போலீஸ் வந்து அந்தப் பையனைக் கொண்டுபோயிடுச்சு."

"ஐயோ மக்சிக், இது என் படிப்பு," என்றேன்.

"தெரியும். அந்தப் பென்சிலை வீட்டுல வெச்சுட்டு வா. மரவள்ளி பிடுங்கணும்."

போனேன். அவர் கொல்லையில் மரவள்ளி பிடுங்கினேன், துருவினேன், விறகு பிளந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் துருவ வருவார்கள். யார் மகள் யாரைக் கட்டினாள், எந்தக் கோயில் எந்தக் குடும்பத்துக்கு, எந்த மாமனோடு எதற்காகப் பேச்சில்லை என்று கை வேலை செய்ய, வாய் அதன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். அவர்கள் பேசுகிற தினுசு மலாய் எனக்கும் மெல்ல வசப்பட்டது. சந்தேகம் எந்த நாளில் போனது என்று தெரியாது. ஆனால் போகிப் பண்டிகையன்று முன்னோருக்குப் படைக்கிறபோது, "உன் அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா," என்று மக்சிக் கூப்பிட்டார்.

அந்தப் போகிக் காலையில்தான், சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். தோட்டங்களில் பிடித்தது போதாமல் டவுனுக்குள்ளும் தமிழ் ஆண்களைத் தேடினார்கள். போனவர்கள் திரும்புவதில்லை என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் மக்சிக் வீட்டில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தம்பி, வந்துட்டானுங்க! நம்ம வீட்டுக்குள்ள பூந்து தேடுறானுங்க!"

மக்சிக் பெட்டியைத் திறந்து, தம் புருஷனின் சாரோங்கை என்னிடம் எறிந்தார். புருஷனின் தலைத்துணியையும் என் தலையில் தாமே சுற்றிக் கட்டினார். அம்மாவைச் சமையற்கட்டுக்குள் அனுப்பினார். அதற்குள் கூலிகளை மேய்க்கிற ஒரு தமிழ் மண்டோரும் ஒரு ஜப்பானியச் சிப்பாயும் வாசலில் நின்றார்கள்.

"இவன் யாரு?" என்று மண்டோர் மலாயில் கேட்டான்.

"அனாக் சாயா," என்றார் மக்சிக். என் மகன் என்று அர்த்தம்.

மண்டோர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். திடீரென்று தமிழில், "டேய், காலுக்கிட்ட பாம்புடா!" என்று கத்தினான்.

எனக்குத் தமிழ் புரிகிறதா என்று பார்க்கத்தான். என் கால் தன்னால் துள்ளப் பார்த்தது. அதே நொடியில் மக்சிக் ஒரு தட்டை என் நெஞ்சில் இடித்து, "மரம் மாதிரி நிக்காதே, தாத்தா பாட்டி பசியோட காத்திருக்காங்க!" என்று மலாயில் சத்தம் போட்டார். தட்டு ஆடியதில் என் கால் ஆடியது தெரியவில்லை. தெரிந்ததோ என்னவோ. அந்த மண்டோர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, யாருக்குச் சொல்வதுபோலவும் இல்லாமல், "படையல் வீடு. வேணாம்," என்று தமிழில் முணுமுணுத்தான். சிப்பாயிடம் கையை ஆட்டி ஏதோ சொல்லி அழைத்துப் போனான். அவன் முகம் எனக்கு மறந்துவிட்டது. அவனுக்கும் நான் கடன்பட்டவன்தான் என்று நினைக்கிறேன்.

அம்மா சமையற்கட்டிலிருந்து வந்து மக்சிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அப்புறம் அழலாம், சோறு ஆறிடும்," என்றார் மக்சிக். அன்று சோறு என்று இருந்தது ஒரு பிடிதான். மற்றதெல்லாம் மரவள்ளி. அவருடைய முன்னோருக்கு முன்னால் நானும் விழுந்து கும்பிட்டேன். சண்டை முடியும்வரை அந்தச் சாரோங்கை நான் அவிழ்க்கவில்லை. தெருவும் என்னை அவர் மகன் என்றே சொல்லிவந்தது. எங்கள் வீட்டு வரிசையிலிருந்து அன்று பிடிபட்ட இரண்டு பேர் திரும்பி வரவேயில்லை.

கப்பல் ஓடத் தொடங்கியதும் மைசூருக்குப் போனேன். நினைவிலிருந்தே அறிக்கையை எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டு, "விவரம் எல்லாம் இருக்கிறது. நீ கேட்ட கேள்விகள் எங்கே?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதையும் முன்னுரையில் எழுதச் சொன்னார்.

தேர்ச்சி பெற்றதை மலாக்காவில் இருந்த அம்மாவுக்குக் கடிதத்தில் தெரிவித்தேன். அம்மா வேலியோரம் போய்ச் சொன்னாராம். மகன் பாஸ் பண்ணிவிட்டான் என்று மக்சிக் அன்று விற்பனைக்குச் செய்த பலகாரம் முழுவதையும் கம்போங்கில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாராம்.