தாய்மாமன் காரில் வருவார்

சக்கரபாணிக்குத் தேரடித் தெருவில் பாத்திரக் கடை. வியாபாரம் நன்றாக ஓடிய காலத்தில் ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். அன்றோடு கடைக்காரர் என்ற பெயர் போய் கார்க்காரர் ஆனார். அதைக் கேட்டால் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கத்திரிக்காய் வாங்கக்கூடக் காரில்தான் போவார்.

அப்புறம் பெட்ரோல் விலை ஏறியது. ஏறியது இறங்கவில்லை, இனி இறங்கவும் இறங்காது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தெருவில் ஒவ்வொருவராக பஸ்ஸுக்கும் பேட்டரி ஆட்டோவுக்கும் மாறினார்கள். சக்கரபாணியும் மாறினார், ஆனால் திருட்டுத்தனமாக. நாலு தெரு தள்ளிப் போய்த்தான் பஸ் ஏறுவார். கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. தினமும் காலையில் அதை விலக்கித் துடைத்து மறுபடி மூடுவார். அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் காரை விற்றுவிடலாம் என்று மனைவி ஆதிலட்சுமி வாயெடுத்தால், அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று எழுந்துவிடுவார்.

இந்த நேரத்தில்தான் கீழ்பென்னாத்தூரில் தங்கை அருணாதேவியின் மகள் பூஜாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்தது. பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன் போடவேண்டும். சக்கரபாணி கூடப்பிறந்த ஒரே அண்ணன். அந்த மாலைக்காக அவர் எத்தனையோ வருஷமாக ஆசையோடு காத்திருந்தார்.

"பஸ்ஸுலயே போயிடலாங்க," என்றாள் ஆதிலட்சுமி.

"தாய்மாமன் பஸ்ஸுல வந்து எறங்குனா ஊரு இன்னாடி சொல்லும்?"

பாரம் கம்மியானால் பெட்ரோலும் கம்மியாகச் செலவாகும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். அதன்படி ஆதிலட்சுமி சீர்த்தட்டுகளோடு பஸ்ஸில் போய், ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி நிற்கவேண்டும். இவர் காரில் தனியாக வந்து ஏற்றிக்கொள்வார். அங்கிருந்து ஜோடியாகக் காரில் போய் இறங்குவார்கள். இப்படி ஒரு யோசனை கார்க்காரருக்குத்தான் வரும்.

விழா அன்று ஆதிலட்சுமியை பஸ் ஏற்றிவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். கார் முனகிவிட்டு அடங்கியது. கிடந்து கிடந்து பேட்டரி இறங்கிவிட்டிருந்தது. தெருவே கூடித் தள்ளியும் பலிக்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டு, வேர்க்க விறுவிறுக்க வாசலில் நின்றார். கீழ்பென்னாத்தூர் பஸ் ஒன்று தெருமுனையைத் தாண்டிப் போனது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

போன் அடித்தது, ஆதிலட்சுமிதான். "எங்க இருக்கீங்க? நல்ல நேரம் முடியப் போவுது, கார் கெளம்பலன்னா அடுத்த பஸ்ஸுலயாவது ஏறி வாங்க!"

"இதோ வந்துட்டேன், வழியிலதான் இருக்கேன்," என்று கூசாமல் சொன்னார்.

மெக்கானிக் வந்து காருக்கு உயிர் கொடுத்து, சக்கரபாணி கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தபோது பந்தியே பாதி முடிந்திருந்தது. ஆதிலட்சுமி காத்திருந்து பார்த்துவிட்டுத் தட்டுகளைச் சுமந்து நடந்தே வந்திருந்தாள். அவள் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பூஜா கழுத்தில் மாலை விழுந்திருந்தது. சக்கரபாணியின் சித்தப்பா மகன் அருணகிரி, அவரும் மாமன் முறைதானே, போட்டுவிட்டாராம். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டவர்.

சக்கரபாணி, திட்டினாலாவது பரவாயில்லை என்று தங்கை முன்னால் போய் நின்றார். அருணாதேவி திட்டவில்லை. சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டு வந்ததும், "அண்ணா, அருணகிரி அண்ணனுக்கு முட்டி வலி, நடக்க முடியல. கார்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் உட்டுட்டு வந்துடு," என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. கார் வைத்திருக்கிறவனிடம் யாரும் கேட்கிற உதவியைத்தான் கேட்டாள். மாமனுக்குப் போட்ட பட்டுத்துண்டு தோளில் இருக்க, அருணகிரி காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சக்கரபாணி போய் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.