பசுக் கதை நின்ற நேரம்

அறுவை அறையில் டாக்டரம்மாவும், தொழில் பழகும் இளம் டாக்டரும், ஒரு நர்ஸும் இருந்தார்கள். என் அம்மா வெளியே இருந்தாள். அப்பாவுக்கு எஸ்டேட்டில் லீவு கிடைக்கவில்லை. கல்லூரி விடுமுறையில் சூரியநெல்லியில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்து மிஷின் பிடித்ததில், வலது கையில் நான்கு விரல்கள் வெட்டுப்பட்டிருந்தன. கை மட்டும்தான் மரத்திருந்தது, நான் விழித்திருந்தேன்.

டாக்டரம்மாவின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. தைத்தபடியே, சித்தூர்ப் பக்கம் தன் வீட்டுப் பசு கன்று போடச் சிரமப்பட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, எழுதுற கை. எங்க வீட்டுல படிச்சவன் நான் ஒருத்தன்தான். கொஞ்சம் கவனமா செய்யுங்க."

"கவனமெல்லாம் இவருகிட்டத்தானுங்க தம்பி," என்று இளம் டாக்டரைக் காட்டினார். "காலேஜுல எங்க ரெண்டு பேரு தலையிலயும் மூளை ஓடுறத அளக்குற கம்பி வெச்ச தொப்பிய மாட்டித் தைக்கச் சொன்னாங்க. இவருக்கு நெத்திக்குப் பின்னால மூளை கொதிக்குது. எனக்குப் பேருக்குத்தான் அசையுது."

"மேடம் தூங்கிட்டாங்கன்னு நினைச்சேன்," என்றார் இளம் டாக்டர், வியர்வையோடு.

"பழகப் பழக அதுக்கு வேலை கொறையுமாமுங்க. பாவம், அதாச்சும் ஓய்வெடுக்கட்டும்."

சுண்டுவிரலுக்கு வந்ததும் பசுக் கதை பாதியில் நின்றது. என் அம்மாவும் ஓயாமல் பேசிக்கொண்டேதான் கொழுந்து கிள்ளுவாள். செடிக்குள் பாம்பைக் கண்டால் மட்டும் பேச்சு நிற்கும். நான் கேட்ட கவனம் வந்துவிட்டது.

"பசுவுக்கு என்னாச்சு, டாக்டரம்மா?" என்று கெஞ்சினேன்.

அவர் இன்னும் குனிந்து தைத்தார். வெகுநேரம் கழித்து அவர் நிமிர்ந்தபோது, அவ்வளவு களைத்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மூன்று விரல்கள் பிழைத்தன. சுண்டுவிரல் மட்டும் போயிற்று.