பஜார் தெருவுக்கு லைன் கொடுத்தவள்

டெலிபோன் ஆபரேட்டர் வேலையில் கெட்ட சேதி முதலில் நம் காதில்தான் விழும். அழ மட்டும் நமக்கு அனுமதி கிடையாது. எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூர் பஜார் தெருவில், ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நான் பார்த்த வேலை அது. தெருவில் யாராவது போனை எடுத்தால் என் எதிரே இருந்த பலகையில் அவர்கள் நம்பருக்கு மேல் ஒரு சின்ன மூடி விழும். யார் வேண்டும் என்று கேட்டு, ஒயரைச் செருகி, பேச வைக்க வேண்டும். வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுவிட்டு, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தவரா நீங்கள்? இந்த முனையில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

காதில் விழுந்தது

ஜவுளிக்கடைக்காரர் தினமும் மத்தியானம் காஞ்சிபுரத்துக்கு ஒரு கால் போட்டு, குரலைத் தாழ்த்திப் பேசுவார். அவர் மனைவி கனகவல்லிக்கு அது தெரிந்துவிட்டது. ஒரு நாள் மாடி ஏறி வந்து, அங்கே அவருக்கு யாரோ ஒருத்தி இருக்கிறாள், யாரென்று சொல் என்று அழுதாள். எனக்குத் தெரியும். அவர் மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். முந்தின சம்பந்தத்தைக் கனகவல்லி தெரு முழுக்கச் சொல்லப்போக, யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுக் கலைத்திருந்தார்கள். அதனால் இந்த முறை வீட்டில் மூச்சு விடவில்லை. காதில் விழுந்ததைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் இவள் ஏதாவது செய்துகொள்வாளோ என்று பயம். லைன் கொடுப்பதோடு சரி, பேச்சைக் கேட்கமாட்டேன் என்று பொய் சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம் ஜன்னல் வழியாக அவள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணுக்கு நிச்சயமானதும் லட்டோடு வந்தாள். "எல்லாம் தெரிஞ்சிகினே என்னை அழவுட்ட இல்ல? இந்தா, இதுக்காவது வாயைத் தொற."

சுங்குவார்சத்திரம் பஸ்

ஒரு சாயங்காலம் சுங்குவார்சத்திரத்திலிருந்து கால். பஸ் கவிழ்ந்து கிடக்கிறது, டாக்டரை அனுப்புங்கள் என்றது ஒரு குரல். ஆஸ்பத்திரிக்கும் போலீஸுக்கும் லைன் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த என் வீட்டுக்காரர் தினமும் திரும்பி வருவது அந்த பஸ்ஸில்தான்.

பலகையில் மூடிகள் வரிசையாக விழுந்தன. தெருவில் பாதி வீட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது இருந்தார்கள். சுங்குவார்சத்திரத்துக்கு ஒரே லைன். அதில் ஆஸ்பத்திரிக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். குறுக்கே நுழைந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காத்திருங்கள், காத்திருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருட்டுகிற நேரத்தில், அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருந்த எங்கள் லைன்மேன் முனுசாமி, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மேலே ஓடி வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. "சார் பஸ்ஸை வுட்டுட்டாரும்மா, அங்க டீக்கடைல நல்லா கீறாரு. போன்ல சொல்லலாம்னு பாத்தேன், உங்க லைன் கெடைக்கவே இல்ல."

வடக்கேயிருந்து

பின்தெருவில் துணி தைத்துப் பிழைத்த செபஸ்தியம்மாவின் ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். எல்லையில் சண்டை நடந்த சமயம். அவனிடமிருந்து வெகு நாளாகச் சேதி இல்லை. ஒரு நாள் காலையில் மெட்ராஸ் ஆபரேட்டர் என்னைக் கூப்பிட்டு, வடக்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அம்மாவுக்குக் கால், ஆளைக் கூட்டி வந்து வையுங்கள் என்றாள். பேசப்போவது யார் என்று அவளுக்கும் தெரியவில்லை. முனுசாமியை அனுப்பினேன். ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றேன்.

கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே வந்து நின்றாள். ரிசீவரை நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீயே கேளு கண்ணு. நல்ல சேதின்னா என்கிட்ட குடு. இல்லாட்டி லைன் கட்டாயிடுச்சுன்னு சொல்லிடு."

இரைச்சலுக்கு நடுவே மெலிசாக ஒரு குரல், "அம்மாவா?" என்றது. ரிசீவரை அவள் காதில் வைத்து அழுத்தினேன். காலில் குண்டு பாய்ந்திருந்தது, பிழைத்துவிட்டான். அவன் பேசப் பேச அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நேரம் முடிந்து லைன் போனது. முந்தானையால் ரிசீவரைத் துடைத்து என்னிடம் கொடுத்தாள். "சாப்பிட்டியான்னு கேக்க மறந்துட்டேன் கண்ணு. இன்னொரு தபா அவனைக் கூப்புடறியா?"

அப்புறம் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்து, தெருவே தானாக நம்பரைச் சுழற்றிப் பேச ஆரம்பித்தது, என்னை வேறு மேசைக்கு மாற்றினார்கள்; இத்தனை காலம் ஊருக்கே போன் எடுத்த நான், இப்போது வீட்டில் மணி அடித்தால் என் வீட்டுக்காரரைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.