வாங் வீட்டுக் குறிப்பேடு

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். 1986 பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை.

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு மொன்றியலில் என் அகதி விசாரணை. போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படியிருந்தும் காலையில் நகரத்துக்கு வெளியே புவாண்ட்-கிளேருக்கு வேலைக்குப் போனேன். வயிறு கேட்குமா? திருமதி வாங்கின் வீட்டு நிலவறையில், இறந்துபோன கணவரின் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்க வேண்டும். இருநூறு வருடப் பழைய குறிப்பேடு ஒன்றைக் காட்டினார். அந்தக் காலத்துச் சீனப் படிப்பாளிகள் மழை, மருந்து, பேய் என்று காதில் விழுந்ததையெல்லாம், கல்லில் மை அரைத்து, தூரிகையால், சொன்னவர் பெயரோடு எழுதி வைப்பார்களாம். சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

பெட்டிகளில் இலக்கம் போடப் போனால், குளிரில் பேனை எழுதவில்லை. குறிப்பேட்டின் முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. பழக்கதோஷம்... பிள்ளையார் சுழி போட்டு, என் பெயரையும் எழுதிப் பார்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சீனப் புத்தகம் மறுபக்கமிருந்து தொடங்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் எழுதியது கடைசிப் பக்கம்.

1.10. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இழுத்தேன். அசையவில்லை. கத்தினேன். வீட்டில் ஒருவருமில்லை.

1.25. கிற்... கிற்... கல்லில் மை அரைக்கும் சத்தம்.

பயத்தில், விசாரணையில் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். சர்... சர்... தூரிகை ஓடியது. நிறுத்தினேன். அதுவும் நின்றது.

யாரோ எழுதுகிறார்கள்!

சொல்லி முடிக்காமல் விடமாட்டார்கள் என்று விளங்கியது. எல்லாம் சொன்னேன். ஊரில் எரிந்த எங்கள் கடை. மார்கழியில் தம்பி யோகராசா இந்தியாவுக்கு வள்ளம் ஏறியது...

சொட்... சொட்...

முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. காலடியில் ஈரம் பரவியது. பனிச் சப்பாத்தை மேலேயே கழற்றியிருந்தேன்; அதன் ஈரமில்லை.

2.05. கதவு திறந்தது. விசாரணைக்கு என்னைக் காரில் ஏற்றிப்போக வந்த அறைத் தோழன் நகுலேஸ்வரன்.

“என்ன அண்ணை, கூப்பிடக் கூப்பிடக் கேக்கேல்லையோ?”

“கதவு பூட்டிக் கிடந்தது.”

“இதுக்குப் பூட்டே இல்லையே!”

விசாரணையில் தம்பியைப் பற்றிக் கேட்டார்கள். இந்தியாவில் சுகமாக இருக்கிறான் என்றேன்.

ஜூனில் ஊர்க் கடிதம் வந்தது. அந்த வள்ளம் கரை சேரவே இல்லையாம்.

அந்தக் கிழமைக்குள்ளேயே திருமதி வாங் கூப்பிட்டார். கடைசிப் பக்கத்தில், என் பெயருக்குக் கீழே, மற்றப் பக்கங்களில் உள்ள அதே கையெழுத்து. அதே மங்கிய மை. வாசித்துச் சொன்னார்.

“இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் கதை சொன்னார். இளையவர் நனைந்த உடுப்போடு அவருக்குப் பின்னால் நின்றார். கதவைத் திறந்தேன். மூத்தவர் மட்டும் போனார்.”

நான் அன்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.